டெல்லியிலிருந்து மதுரைக்கு மூன்று மணி நேரம்

ஐந்தாம் வகுப்போடு நின்று, சொந்த உழைப்பில் நாலு லாரி வாங்கியவன் நான். எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் பஸ் ஏறிய அன்று மட்டும் என் கணக்கு உதவவில்லை.

முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். தேவதானத்தில் சாகக் கிடக்கும் அவர் அப்பாவைப் பார்க்கப் போகிறார்கள். அந்தம்மா போனை வைத்துவிட்டு அழுதது.

"மாமா போயிட்டாராம். உங்க தம்பி வந்து பால் ஊத்தின பொறவுதான் உசுரு அடங்குச்சாம்."

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு? அவன் டெல்லியில பிளேன் ஏறி ரெண்டரை மணி நேரந்தான் ஆகுது. ரெண்டாயிரம் கிலோமீட்டர். மதுரையில இறங்கவே இன்னும் அரை மணி நேரம் கெடக்கு."

"பட்டாளத்து உடுப்போட வந்தாராம். வீடே பாத்துச்சாம். டம்ளரை வச்சிட்டு வெளிய போனவரக் காணுமாம்."

ராஜபாளையத்தில் இறங்கும்போது புருஷனின் போன் அடித்தது. தம்பியின் குரல் எனக்கே கேட்டது.

"அண்ணே, இப்பத்தான் மதுரையில இறங்குனேன். அப்பா இருக்காருல்ல? என் கையால பால் ஊத்தணும்ணே."

அவர் பெண்டாட்டியைப் பார்த்தார்.

"நீ ஊத்திட்டப்பா," என்றார். "பதறாம வா."