சமையல் புத்தகத்துக்குப் பின்னாடி

ரம்யாஸ்ரீ: ஏய் பவதாரிணி... என் புத்தகத்த எதுக்குடி சமையல் புத்தகத்துக்குப் பின்னாடி சொருகுற?

பவதாரிணி: ஐயோ ரம்யா! நீ எப்ப வந்த? சும்மா... அடுக்கு சரிஞ்சு கிடந்துச்சு, அதான்...

ரம்யாஸ்ரீ: மூணு பிரதியுமா?

பவதாரிணி: விடு, எடுத்து முன்னாடியே வச்சிடுறேன்.

ரம்யாஸ்ரீ: பொறாமையா?

பவதாரிணி: ஆமாடி, பொறாமைதான். புத்தகக் கண்காட்சிக்குள்ள காலு வச்சா வாசல்லயே உன் போட்டோ. 'படக்கதைப் போட்டியில் வென்ற மதுரைப் பொண்ணு'ன்னு! வயிறு எரியாதா?

ரம்யாஸ்ரீ: இம்புட்டு நேரா நீ சொல்லுவன்னு நெனைக்கல...

பவதாரிணி: பின்ன? ஒண்ணா உக்காந்துதான போட்டிக்கு நோட்டு செஞ்சோம். நீ உங்க நெசவுத் தெருக் கதைய வரைஞ்சு, சேலை நூலு, வாட்ஸாப் அரட்டை பிரிண்டுன்னு ஒட்டுன. நான் எங்க காளை கருப்பு கதைய வரைஞ்சு, மாட்டு டாக்டர் சீட்டு, போட்டோன்னு ஒட்டுனேன். நீ வரைஞ்ச பிள்ளைக்கு மூக்கே கோணல்!

ரம்யாஸ்ரீ: தெரியும்.

பவதாரிணி: அதுக்குப் போயி பரிசு. எனக்கு 'நல்லா இல்ல'ன்னு கூட ஒரு வரி வரல.

ரம்யாஸ்ரீ: பவா... வா, டீ குடிக்கலாம்.

பவதாரிணி: வேணாம். அசல் நோட்டுதான் வேணும்னு போட்டிக்காரங்க கேட்டாங்கன்னு குடுத்தேன். எங்கப்பா கடைசியா கருப்பு கூட நின்ன போட்டோ அதுலதான் இருக்கு. வேற காப்பி கிடையாது. அப்பாவும் இல்ல, காளையும் இல்ல. மூணு தடவ சென்னையில அவங்க ஆபீஸுக்கு போன் போட்டேன். 'அப்படி எதுவும் வரலம்மா'ங்குறாங்க. தொலைச்சுட்டு எப்படிப் பேசுறாங்க பாரு!

ரம்யாஸ்ரீ: அவங்கள திட்டாத.

பவதாரிணி: நீ அவங்க பக்கம்தான பேசுவ! நான் வரையறதையே விட்டுட்டேன், தெரியுமா? அவனியாபுரத்துல அண்ணன் பட்டறையில பில்லு எழுதுறேன். சொல்லுடி... அம்புட்டு மட்டமாவா இருந்துச்சு?

ரம்யாஸ்ரீ: இல்ல... சிம்மக்கல்லு கூரியர் ஆபீஸ் வாசல்ல நின்னு உன் நோட்டப் பிரிச்சுப் பாத்தேன். கருப்போட கண்ண வரைஞ்சிருந்தியே... அதுக்கு மேல பக்கத்தத் திருப்ப முடியல. இது போனா எனக்குப் பரிசு கிடைக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு.

பவதாரிணி: அதுக்கு?

ரம்யாஸ்ரீ: உன் கவரையும் அனுப்பச் சொல்லி எங்கிட்டதான குடுத்துவிட்ட... ரெண்டு கவர்ல ஒண்ணத்தான் போட்டேன். உன் நோட்டு எங்க வீட்டு பீரோல இருக்கு, பவா.