ஒரே ஒரு சிவப்புப் புள்ளி

கட்டைவிரல் நீளக் குப்பி ஒன்றை வைத்து அறுபத்து நான்கு குடும்பங்களைத் திருத்தியவன் நான். அபராதமில்லை, மிரட்டலில்லை. மூன்றே மாதத்தில் எங்கள் குடியிருப்பில் பால் உறையைக் கழுவாமல் போடுகிற கை ஒன்றுகூட மிச்சமில்லை. நாலாவது மாடி வாத்தியார் பிளாஸ்டிக் பைகளை இஸ்திரி போட்டு மடித்து வைத்தார்.

நீங்கள் நம்ப மாட்டீர்கள். பாதகமில்லை, என் மனைவியே நம்புவதில்லை. "நீங்க சொல்றதுல பத்துக்கு ஒன்பதைக் கழிச்சுட்டுத்தான் கேக்கணும்" என்பாள். எழுபத்திரண்டு வயதிலும் தலையில் ஒரு நரை கிடையாது, பரம்பரை வாகு என்று நான் நாலு பேரிடம் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக முப்பத்தொரு வருடம் இருந்தவன். அபராதத்துக்குப் பயந்து டிக்கெட் வாங்கிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. மாட்டிக்கொண்டால் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பாரே, அதற்குத்தான் வாங்குவார்கள்.

ஓய்வு பெற்றதும் குடியிருப்போர் சங்கம் குப்பைப் பொறுப்பை என் தலையில் கட்டியது. முதலில் பூமியைப் பற்றிப் பேசினேன். பிளாஸ்டிக் விழுங்கிய ஆமைப் படம் ஒட்டினேன். பிள்ளைகள் ஆமைக்கு மீசை வரைந்தார்கள். பிளாஸ்டிக்குக்கென்று தனிக்கூடை கொடுத்தேன். அதில் வெங்காயம் போட்டு வைத்தார்கள். கடைசியாக லிஃப்ட் பக்கத்தில் ஒரு பலகை மாட்டி, எல்லா வீட்டு எண்ணையும் எழுதினேன். சனிக்கிழமை காலை கதவுக்கு வெளியே வைக்கும் பிளாஸ்டிக் பையை நான் திறந்து பார்ப்பேன். கழுவி உலர்த்தியிருந்தால் பச்சைப் புள்ளி. அழுக்கென்றால் சிவப்பு.

முதல் வாரம் ஐம்பத்தொரு சிவப்பு. ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஐம்பத்தொரு பேர் டிக்கெட் எடுக்காமல் வந்தால் அது குற்றமில்லை, ஊர்வலம். வெட்கம் வேலை செய்ய வேண்டுமானால் ஒரே ஒருவர் தனியாக நிற்க வேண்டும்.

ஆகவே அடுத்த வாரம் அறுபத்து மூன்று வீடுகளுக்குப் பச்சை வைத்தேன், தகுதியே இல்லாதவர்களுக்கும் சேர்த்து. சிவப்பு கீழ்த்தளத்துத் தையல்காரம்மாவுக்கு மட்டும்.

ஏன் அவர் என்று கேட்பீர்கள். அவர் வாசலைத் தாண்டித்தான் எல்லாரும் லிஃப்டுக்கு வர வேண்டும். வாடகைக்கு, தனியாக இருந்தார். அவருக்காகச் சண்டைக்கு வர ஆளில்லை. ஒரே ஒரு சிக்கல். அத்தனை பைகளிலும் அவருடையதுதான் உண்மையிலேயே சுத்தம். பலகை வருவதற்கு முன்பிருந்தே பால் உறைகளைக் கழுவிக் கொடியில் கிளிப் போட்டுக் காய வைப்பவர். வெள்ளை வெளேரென்ற தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடுவார்.

அந்தச் சிக்கலைத்தான் குப்பி தீர்த்தது. எங்கள் குளியலறை அலமாரியிலிருந்து எடுத்தது. அடியில் கறுப்பாக, பிசுபிசுவென்று கொஞ்சம் மிச்சம் இருந்தது. கையுறைக்குள் ஒளித்து எடுத்துப்போய், அவர் பையைத் திறக்கும்போது மூடியில்லாமல் உள்ளே நழுவவிட்டேன். ஒரு குலுக்கு குலுக்கியதில் எல்லா உறையிலும் கறை. பிறகு, அவர் கதவு சாத்தியிருக்கும் நேரமாகப் பார்த்து, குப்பியை இரண்டு விரலால் தூக்கி, லிஃப்டுக்கு நின்றவர்களுக்குக் காட்டினேன். அப்படிப் பதினோரு சனிக்கிழமைகள், பதினோரு குப்பிகள்.

எல்லா வீட்டிலும் குழாய் ஓடத் தொடங்கியது. பூமிக்காக இல்லை. தையல்காரம்மாவுக்குப் பக்கத்தில் தங்கள் எண்ணும் சிவப்பாகிவிடக் கூடாது, அவ்வளவுதான். கூடவே அவரிடம் துணி கொடுப்பதும் நின்றது. "குப்பையே இந்த லட்சணம்னா, துணி எந்த லட்சணத்துல திரும்பி வருமோ" என்றார் சங்கச் செயலாளர்.

ஐந்தாவது வாரம் தையல்காரம்மா என்னை நிறுத்தினார். "அண்ணே, மூணு தடவை கழுவறேன். எங்க தப்பு பண்றேன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

"கண்ணு சரியாத் தெரியலையோ என்னவோம்மா. வெளிச்சத்துல வச்சுப் பாருங்க" என்றேன்.

நன்றி சொல்லிவிட்டுப் போனார். புதுக் கண்ணாடி போட்டார். அப்புறமும் சிவப்புதான். வந்துகொண்டிருந்த இரண்டொரு துணிகளையும் அவரே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார். தன் கண்ணைத் தானே நம்பாதவர் எப்படி ஊசியில் நூல் கோப்பார்.

பன்னிரண்டாவது சனிக்கிழமை வீட்டைக் காலி செய்தார். தையல் மிஷினை வண்டியில் ஏற்றிய பிறகு, கடைசிப் பையை என் கையில் கொடுத்தார். "இதையாவது பாத்துச் சொல்லுங்கண்ணே."

அன்று என்னிடம் குப்பி இல்லை. தேவையும் இல்லை. பிரித்துப் பார்த்து, "சுத்தம்மா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப இந்தக் கண்ணாடி சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். அன்றிலிருந்து என்னால் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நகராட்சி எங்கள் குடியிருப்புக்குக் கேடயம் கொடுத்தது. விழாவில் அதிகாரி கேட்டார், இவ்வளவு பேரை எது மாற்றியது என்று. நான் எழுந்து, இங்கே எழுதியதை அப்படியே சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சொல்கூடக் கூட்டாமல்.

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. செயலாளர் மைக்கை வாங்கிக்கொண்டார். "சார் விடற கதையைக் கேட்டீங்களா? வீட்டைக் காலி பண்ணிப் போனவங்களுக்கும் நல்ல பேர் வாங்கிக் குடுக்கறார். பெரிய மனசு." கைதட்டல் அடங்க நேரமானது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். உட்காரப் போனேன்.

இரண்டாவது வரிசையில் என் மனைவி எழுந்தாள்.

"இவர் சொன்ன எதையும் நான் நம்பினவ இல்ல. ஆனா இது நடந்துச்சு. அந்தக் குப்பி தலைக்குப் போடற டை. அந்தம்மாவுக்குத் தலை பூரா வெள்ளை. பதினோரு வாரம் தூக்கித் தூக்கிக் காட்டினாரே, உங்கள்ல ஒருத்தருக்குமா தோணல?"

அத்தனை கண்களும் என் தலைமுடிக்கு வந்தன.

"எனக்கு மொத வாரமே தோணுச்சு" என்றாள், குரல் இறங்கி. "பலகையில நம்ம நம்பருக்குப் பச்சை இருந்துச்சு. பேசாம இருந்துட்டேன்."