நான் பார்த்துவைத்த ஜீப்

பழைய ஜீப் வாங்குகிறவர்கள் பெயின்டைப் பார்த்து மயங்கக் கூடாது. கீழே படுத்து, அடிச்சட்டத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். கறள் பிடித்துத் துருவேறியது சொத்தென்று சொல்லும். மனிதரையும் இப்படித் தட்டிப் பார்க்க வழியிருந்தால், மிஸ் கத்தரின், நான் உங்கள் பொலிஸ் நிலையத்துக்கு வந்திருக்க மாட்டேன்.

நான் யோகலிங்கம். நோர்பரியில் கார், வான் திருத்துகிறவன். குகநாதனின் கடை என் கராஜுக்கு எதிரே. இரண்டு பேரும் பிரான்சில் ஒரே அறையில் இருந்து, ஒன்றாக லண்டனுக்கு வந்தவர்கள். கூடப்பிறந்தவன் என்றே சொல்வேன். பழைய இராணுவ ஜீப் வாங்கும் ஆசை அவனுடையதுதான்.

"ஊரிலை இந்தச் சத்தம் கேட்டால் வேலி பாய்ஞ்சு ஓடினனாங்கள். சாகமுதல் ஒருக்கா நாங்கள் ஓட்டிப் பாக்கவேணும் அண்ணை" என்றான்.

அந்த ஆசை எனக்கும் தொற்றிவிட்டது. ஞாயிறுகளில் கென்ட் பக்கத்துப் பண்ணைகளுக்குப் போவோம். சேற்றில் படுத்துத் தட்டிப் பார்ப்பது நான். மேலே நின்று கொறிப்பது அவன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான ஞாயிறுகள் வேறு இல்லை. கடைசியில் ஒரு கொட்டிலில் அந்தப் பச்சை ஜீப்பைக் கண்டுபிடித்தேன். அடிச்சட்டம் கணீரென்றது. ஒரே குறை, கியர்ப்பெட்டி எண்ணெய் கசிந்து ஹாண்ட்பிரேக்கில் ஊறியிருந்தது.

"இதை விட்டிடாதை குகா. திருத்துமட்டும் ஹாண்ட்பிரேக்கை நம்பாதை. நிப்பாட்டினால் கியரிலை போட்டு, சில்லுக்குக் கட்டை வை."

யோசிப்போம் என்றான். யோசித்துவிட்டு, மனைவி சுசிலாவின் தம்பி பிரியந்தனோடு போய் வாங்கிக்கொண்டு வந்தான். வெள்ளை அடித்துக் கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விடப் போகிறார்களாம். எனக்கு அதைச் சொன்னவர் என் கராஜுக்கு வந்த யாரோ ஒருவர். நெஞ்சு எரிந்தது. நான் உண்ட இலையில் ஓட்டை போட்டவன் அல்ல, என்னிடம் போய் இப்படி.

என் வழக்கறிஞர், இராணுவப் பச்சையைக் கண்டதும் எனக்குப் பழைய பயம் திரும்பியிருக்கும், அப்படியே சொல்லுங்கள் என்கிறார். நல்ல மனிதர். ஆனால் அது பொய். அந்த நிறத்தில் எனக்கு ஆசைதான் இருந்தது.

பிறகு குகன் வந்தான். வெட்கப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

"அண்ணை, ஆர்ச்வே கோயிலிலை பூசை செய்விக்கப் போறம். உங்கடை கை ராசியான கை. நீங்கள்தான் தேசிக்காய் வைக்கவேணும்."

எங்கள் ஆட்கள் புது வாகனத்துக்குப் பூசை செய்து, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் என்கிற எலுமிச்சையை வைத்து, அதை நசித்துக்கொண்டு ஓட்டுவார்கள். கண்ணூறு போகும் என்று நம்பிக்கை. வாகனம் அவர்களுக்கு, தேசிக்காய் எனக்கு. "ஓம், வாறன்" என்றேன்.

கோயிலடியில் இடமில்லாமல் பக்கத்துச் சரிவுத் தெருவில், பள்ளத்தைப் பார்த்தபடி நிறுத்தியிருந்தார்கள். குகன் நான் சொன்னபடியே கியரில் போட்டு, முன் சில்லுக்குக் கட்டை வைத்திருந்தான். அதில் மட்டும் என் சொல் கேட்டிருந்தான். உள்ளே பிள்ளையார் படம் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டிவிட்டு, கையை எடுக்கும்போது கியரையும் நியூட்ரலுக்கு எடுத்துவிட்டேன். இறங்கி நான்கு தேசிக்காயையும் வைத்தேன்.

ஐயர் ஓரமாக நின்று கற்பூரம் கொளுத்தினார். ஜீப்பின் முன்னால், பள்ளப் பக்கம் நிறுத்தியிருந்த ஒரு வானுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குகனும் பிரியந்தனும் கைகூப்பி நின்றார்கள். தீபாராதனையின்போது எங்கள் சனம் கண்ணை மூடிவிடும். நான் குனிந்து கட்டையை இழுத்து எடுத்தேன். பிறகு குகனின் கையைப் பிடித்தேன்.

"குகா, இஞ்சாலை வா."

அவன் என் பக்கம் வந்தான். பிரியந்தன் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு தேசிக்காய் ஜீப்பை எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. தீபாராதனை முடியும்வரை தாங்கவில்லை.

எல்லோரும் விபத்து என்றார்கள். கட்டையை எடுக்கத்தானே வேண்டும், இல்லாவிட்டால் வாகனம் எப்படி ஓடும். கியரை நெரிசலில் யாரோ தட்டியிருக்கலாம் என்றார்கள். பிரியந்தனின் செத்தவீட்டில் குகன் என் தோளில் விழுந்து அழுதான். "அண்ணை இழுத்திராட்டி நானும் போயிருப்பன்" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னான். அது உண்மைதான். அவனை நான் காப்பாற்றினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு வருஷம் கழிந்து ஆட்டைத் திவசம் முடியும்வரை நான் ஜீப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. துக்க வீட்டில் அதைப் பேசுவது அழகில்லை. பங்குக்கு ஆளில்லை, இனி என்னிடம்தான் வருவான் என்று தெரியும். ஹாண்ட்பிரேக்குக்குப் புதுச் சாமான்கூட வாங்கி வைத்திருந்தேன். திவசச் சாப்பாட்டுக்குப் பிறகு, கை கழுவும் இடத்தில் மெதுவாகக் கேட்டேன்.

"அதை லூயிஷாமிலை ஒராளுக்குக் குடுத்திட்டன் அண்ணை. கண்ணிலை காணவே ஏலாது."

ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. இரண்டாவது முறை. விடிந்ததும் உங்களிடம் வந்தேன்.

கியரை எடுத்தது நான். கட்டையை எடுத்தது நான். தெரிந்துதான் செய்தேன். ஆனால் நீங்கள் திரும்பத் திரும்பப் பிரியந்தனைப் பற்றியே கேட்கிறீர்கள். அந்தப் பொடியனில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நான் முறைப்பாடு கொடுக்க வந்தது குகநாதன்மீது.