ஆயுசுக்கும் தாங்கும்

பல்லுக்குப் போடும் தங்க உறை எத்தனை காலம் நிற்கும் என்று எல்லோரும்தான் கேட்கிறார்கள். நீங்களும் அதையே முதலில் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது, இன்ஸ்பெக்டர் ஐயா. பல்லை ஒழுங்காக அராவி, ஈறோரம் இடைவெளி விடாமல் பசை வைத்து இறுக்கினால் இருபது வருடம் அசையாது. கண்டியில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சீனத்துக்காரர் கட்டிய பல்லோடு ஒருவர் இன்றைக்கும் ஹட்டன் பஸ் நிலையத்தில் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார். வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

என் பெயர் கந்தப்பன். ஹட்டன் கடைவீதியில் ஒரு தையல் கடையின் பின்னறையில் பல் கட்டுகிறேன். பெரிய படிப்பு இல்லை. கை சுத்தம் உண்டு.

முன்பெல்லாம் கங்காணிமார்தான் வருவார்கள், சிரித்தால் மின்ன வேண்டும் என்று. இந்திய, இலங்கை அரசாங்கங்களின் ஒப்பந்தம் கையெழுத்தாகி, தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் இந்தியாவுக்கு மூட்டை கட்டத் தொடங்கிய பிறகு வருகிற கூட்டம் மாறியது. தலைமன்னாரில் கப்பல் ஏறுமுன் நகையைப் பறித்துக்கொள்கிறார்கள் என்று தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக ஒரு பேச்சு பரவியது. யார் கிளப்பியது என்று கேட்காதீர்கள். நானும் நாலு பேரிடம் சொல்லியிருப்பேன். கழுத்தில் கிடப்பதைப் பறிப்பார்கள், வாயில் இருப்பதைப் பறிப்பார்களா? பொன்னைப் பல்லில் ஏற்றிக்கொண்டு போய், அக்கரையில் ஓர் ஆசாரியிடம் கழற்றி உருக்கிக்கொள்ளலாம். நல்ல யோசனை. இப்போதும் அதில் ஒரு பிழை எனக்குத் தெரியவில்லை.

சொத்தைப் பல் உறையைத் தாங்காது. நல்ல பல்லாகப் பார்த்துத்தான் அராவ வேண்டும். பொன்னை அவர்கள் கண்ணெதிரிலேயே உருக்குவேன். அப்புறம் திரைக்குப் பின்னால் போய், பித்தளையில் உறை செய்து, மேலே பொன் முலாம் பூசிக் கொண்டுவருவேன். முலாம் ஒரு மழைக்காலம் தாக்குப்பிடிக்கும். தலைமன்னார் வரைக்கும் தாங்கினால் போதாதா? மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அந்தக் கனத்தை நான் இறக்கி வைத்தேன்.

கப்பல் ஏறும்வரை யாருக்கும் வாயைத் திறந்து காட்டாதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புவேன். ஸ்டேஷனில் சொந்தபந்தங்களைக் கட்டிப்பிடித்து அழுகிற பெண்கள்கூட உதட்டை இறுக்கிக்கொண்டுதான் அழுவார்கள். சொன்ன சொல் கேட்கிற சனங்கள். பார்க்கத் திருப்தியாக இருக்கும். போனவர்களில் ஒருவராவது குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. தொழில்காரனுக்கு அதைவிட வேறென்ன நற்சாட்சி வேண்டும்?

ராக்காயி பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். புருஷன் இல்லை. மகள் அழகம்மாவுக்கு ராமநாதபுரத்தில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். நகை போட்டால்தான் கல்யாணம் என்று அவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்களாம். தாலியையும் தோட்டையும் வளையலையும் முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்து என் மேசையில் வைத்தாள்.

“எம் மக கழுத்துல ஏற வேண்டியதுங்கய்யா. எத்தன வருசம் தாங்குங்க?”

“ஒங்க ஆயுசுக்கும் தாங்கும், தாயி,” என்றேன்.

அராவும்போது அவள் முனகக்கூட இல்லை. கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்றில் கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டேன், நரம்பு தெரிந்தது. பயணத்துக்குத்தான் அதிக நாள் இல்லையே என்று மேலே உறையை வைத்து இறுக்கினேன்.

கேடு என்னால் வந்ததல்ல. கடவுச்சீட்டில் மகளின் பெயரைத் தப்பாக எழுதிவிட்டார்கள். அதைத் திருத்த ராக்காயி கடவுச்சீட்டுக் கந்தோருக்கு நடையாய் நடந்தாள். பயணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. மழை விட்ட பிறகு ஒருநாள் கன்னம் வீங்கி என் கடைக்கு வந்தாள். உறைகளின் ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு.

“நாந்தாங்க சரியா பல்லு வெளக்காம விட்டுட்டேன். பாசி புடிச்சிருச்சு. கோவிச்சுக்காதீங்க,” என்றாள்.

கோபித்துக்கொண்டேன். வெற்றிலை போடாதே என்று படித்துப் படித்துச் சொன்னேனே என்று ஏசினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தோட்டத்து டொக்டர் ஐயாவிடம் காட்டட்டுமா என்று கேட்டாள். காட்டினால் அவர் உறையைக் கழற்றுவார். கழற்றினால் என் தொழில் போகும். அவளிடம் அதைச் சொல்ல முடியுமா?

“காட்டுனா கழட்டி கவர்மென்டுக்குக் குடுத்துருவாங்க, தாயி. மக கல்யாணம் நின்னுபோகும்,” என்றேன். கிராம்புத் தைலம் கொடுத்தேன். அதற்குக் காசு வாங்கவில்லை.

பிறகு அழகம்மா ஓடிவந்தாள். அம்மாவுக்குக் காய்ச்சல், வீக்கம் கழுத்துக்கு இறங்கிவிட்டது, வாயைத் திறக்க முடியவில்லை என்றாள்.

“ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்குது. நீங்க ஒரு வார்த்த சொன்னா வரும். தங்கம் போனா போவுதுங்கய்யா. வந்து கழட்டிருங்க.”

“ஒங்கம்மா ஒனக்காகத்தான் பொறுத்துக்கிட்டுக் கெடக்கு. நீயே கெடுத்துறாத,” என்றேன். பெண் அழுதுகொண்டே போனாள்.

அந்த வீக்கம் மூச்சை அடைக்கும் என்று எனக்குத் தெரியும். கண்டியில் ஒருவனுக்கு அப்படி ஆனதைப் பார்த்திருக்கிறேன். சீனத்துக்காரர் பல்லைப் பிடுங்கி, தானே காரில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அவன் பிழைத்துக்கொண்டான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ராக்காயி லயத்துக் காம்பிராவில், தன் ஒற்றை அறையிலேயே, உதட்டை இறுக்கிக்கொண்டு செத்துப்போனாள். உறைகளைக் கழற்றித் தரும்படி எனக்கு ஆள் அனுப்பினார்கள். மேலுக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டேன். அழகம்மாவே யாரிடமோ குறடு வாங்கித் தாயின் வாயிலிருந்து கழற்றி எடுத்திருக்கிறாள். நகைக்கடை நூர்தீன் அதை உரைகல்லில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாராம். அந்தப் பெண்ணை உட்காரவைத்துத் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தாராம். அதற்குப் பிறகுதான் அவள் உங்களிடம் வந்திருக்கிறாள்.

அசல் பொன் எங்கே என்று கேட்டீர்கள். என் மகளின் கழுத்தில் இருக்கிறது. மகள் கழுத்தில் ஏற வேண்டும் என்றுதானே ராக்காயி கொடுத்தாள்? ஒரு மகள் கழுத்தில்தான் ஏறியிருக்கிறது.

பொன்னை எடுத்தது நான்தான். ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் அவளைச் சாகவிட்டதும் நான்தான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். வாக்குத் தவறினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். உங்கள் மேசையில் கிடக்கும் உறைகளை எடுத்துப் பாருங்கள். குறடு போட்டு இழுக்கும் வரைக்கும் ஒன்றுகூட அசையவில்லை. அவள் ஆயுசுக்கும் தாங்கும் என்று சொன்னேன், தாங்கியிருக்கிறது.