டெலியாவுக்கு மிச்சமிருந்த ஓட்டம்

ஓடுகிற பெண்களுக்கு எப்போதும் பசி. அதனால் என் அறையில் வாழைப்பழம் தீர்ந்துபோக விடமாட்டேன். கல்லூரி கேட்டு நான் இதைச் செய்யவில்லை. பிசியோ வேலை என்றால் காலைத் தடவிவிடுவது மட்டும்தான் என்று அமெரிக்காவின் இந்த அயோவா ஊரில் பலர் நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

காலில் டேப் சுற்றிக் கட்டுவதால் பெண்கள் என்னை டேப் அம்மா என்பார்கள். "டேப் அம்மா, கட்டுற கட்டுல ரத்த ஓட்டமே நின்னுடப் போகுது" என்று தினமும் கேலி செய்கிறவள் டெலியா ஹோவ்லண்ட். மூன்றாம் ஆண்டு. அணியிலேயே வேகமானவள். சேர்ந்த புதிதில் வீட்டு ஞாபகம் வந்தால் என் அறையில் வந்துதான் அழுவாள். அவள் கணுக்காலை அவளைப் பெற்றவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்தப் பருவத்தின் முதல் பந்தயத்திலேயே இடுப்பில் வலி வந்து அவள் உட்கார்ந்துவிட்டாள். எங்களிடம் ஒரு விதி உண்டு. ஓட்டக்காரிக்கு ஆண்டுக்கு ஒன்றாக மொத்தம் நான்கு பருவங்கள்தான். தொடக்கத்திலேயே காயம்பட்டு ஒதுங்கினால் அந்தப் பருவம் திரும்பக் கிடைக்கும். பாதி தாண்டியபின் ஒரு பந்தயத்தில் ஓடினாலும் போயிற்று.

ஒருநாள் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். "உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன், லொரெய்ன். கொலராடோவுல பெரிய காலேஜ்ல கூப்பிடுறாங்க. ரெண்டு சீசன் பாக்கி இருந்தா எடுத்துக்குவாங்களாம். ஒண்ணுதான்னா வேண்டாமாம்."

அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு வயிறு எரிந்தது, உங்களிடம் அதை மறைக்கவில்லை. அந்தப் பெரிய கல்லூரியில் இவள் பத்தோடு பதினொன்று. இவளுக்கு எங்கே வலிக்கும் என்று அங்கே யாருக்குத் தெரியும்?

பருவத்தின் கடைசியில், பெரிய போட்டியன்று ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல். ஐந்து பேர் ஓடி முடித்தால்தான் அணிக்குப் புள்ளி. எங்களிடம் நான்கு பேர்தான் மிச்சம். கோச் வெண்டெல் நல்ல மனிதர். டெலியாவிடம், "லொரெய்ன் சரின்னா மட்டும் ஓடு, இல்லன்னா வேண்டாம்மா" என்றார். டெலியா என்னிடம் வந்தாள்.

"கால் தாங்குமா? ஓடினா இந்த சீசன் போயிடாதே?"

"வெறும் சதை வலிதான். ஒரு ரேஸை யாரும் கணக்குல எடுக்கமாட்டாங்க. ஓடு" என்றேன்.

இதற்கு முன் எத்தனையோ பெண்களுக்கு நான்தான் பருவத்தை மீட்டுக் கொடுத்திருக்கிறேன். அதனால் அவள் வேறு யாரையும் கேட்கவில்லை. குனிந்து கட்டுப்போட்டுவிட்டேன். அவள் அன்று கேலி செய்யவில்லை, பதற்றமாக இருந்தாள்.

அன்று காலை டாக்டர் எனக்குப் போன் செய்ததைத்தானே இந்த விசாரணையில் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்? செய்தார். ஸ்கேன் முடிவை அவர் என்னிடம் சொல்வார், நான் பெண்களிடம் சொல்வேன். எங்கள் வழக்கம் அது. டெலியாவுக்குத் தொடை எலும்பு இடுப்பில் சேருமிடத்தில் விரிசல், ஊன்றுகோல் இல்லாமல் நடக்கக்கூட விடாதே என்றார். சரி என்றேன்.

விரிசல் எல்லாம் ஒடிவதில்லை. விரிசலோடு ஓடி, பிறகு குணமான பெண்களையும் பார்த்திருக்கிறேன். ஒடிந்தாலும் நான் இருக்கிறேனே என்று நினைத்தேன்.

கடைசி ஏற்றத்தில் விழுந்தாள். நான் முடிவுக் கோட்டிலிருந்து போர்வையோடு ஓடினேன். புல்லில் கிடந்தபடி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது பண்ணுங்க, லொரெய்ன், காலை அசைக்க முடியல" என்றாள். யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கோச் பக்கத்தில் நின்று அழுதார். இரும்புத் திருகு வைத்து எலும்பைச் சேர்த்திருக்கிறார்கள். இனி ஓட முடியாது. கொலராடோவிலிருந்து போன் வருவது நின்றுவிட்டது.

அவள் இங்கேயேதான் படிக்கிறாள். தினமும் மாலையில் நான்தான் கைபிடித்து நடக்க வைக்கிறேன். நேற்று, "நீங்க இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்" என்றாள். உண்மைதான், வேறு யாரும் இவ்வளவு பொறுமையாகச் செய்யமாட்டார்கள்.

எல்லாம் தெரிந்தேதான் அவளை ஓடச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு இன்னும் தெரியாது. நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால், சொல்லும்போது நான் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். அவளைத் தேற்ற இங்கே என்னைவிட்டால் யாரும் இல்லை.