சம்மதம் என்று சொன்ன கையுறை

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, பூபதி சாரின் மாணவர்களே, துணைவரை இழந்து நிற்கும் பிரபா அம்மா அவர்களே! உங்கள் அனைவருக்கும் சங்ககிரி லாரி பட்டறைக்காரன் தங்கசாமியின் வணக்கம்.

பாலிடெக்னிக் விரிவுரையாளர் பூபதி அவர்களை எல்லோரும் புகழ்ந்து பேசினீர்கள். நான் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியவன். அதைச் சொல்லாமல் அவர் படத்துக்கு மாலை போட எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

என் மகள் ரஞ்சிதாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கைதான் அவள் மொழி. அவளுக்காகத்தான் பூபதி சார் அந்தக் கையுறையைச் செய்தார். விரல் அசைவதை அதிலுள்ள சென்சார் படிக்கும், செல்போன் பேசும். மூன்று வருட உழைப்பு! முதன்முதலில் அது "அப்பா, பசிக்குது" என்றபோது நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

போன ஆவணியில் அவளுக்குக் கல்யாண உறுதி வார்த்தை. இரு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றி நிச்சயம் செய்வதற்கு முன் மாப்பிள்ளையின் தாயார், "ஏனுங்க, புள்ளையே ஒரு வார்த்தை சொல்லட்டுமுங்க" என்றார். ரஞ்சிதா கையை அசைத்தாள். "சம்மதம்" என்றது செல்போன். கூடமே கைதட்டியது! எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

பூபதி சார் மட்டும் அவள் முகத்தைப் பார்த்தார். கை சம்மதம் என்று காட்டியபோதே தலை இடவலமாக ஆடியிருக்கிறது. காது கேளாதவர்களின் கை மொழியில் இரண்டும் சேர்ந்தால் சம்மதமில்லை என்று பொருள். கையுறைக்குத் தலை எப்படித் தெரியும்?

"நிறுத்துங்க! புள்ள வேண்டாங்குதுங்க. என்ற கையுறை தப்பாச் சொல்லிப்போட்டுதுங்க" என்று எழுந்தார்.

அவ்வளவு பேர் நடுவில்! தன் மூன்று வருட உழைப்பைத் தானே தப்பு என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? நான் பாய்ந்து சட்டையைப் பிடித்தேன். "என்ற மானத்த வாங்கிப்போட்டீங்களே!" என்று கத்தினேன். அவர் என் கையை விலக்கவில்லை. "புள்ளையப் பாருங்க" என்றார். தேம்பிக்கொண்டிருந்தாள்.

வெட்கக்கேடு என்ன தெரியுமா? அவள் தலையாட்டியதை நானும் பார்த்திருந்தேன். இருபத்திரண்டு வருடமாக எனக்குத் தெரிந்த தலையாட்டல் அது. கையுறை சொன்னது எனக்கு வசதியாக இருந்தது, ஐயா!

அந்தச் சம்பந்தம் நின்றது. சாரிடம் மன்னிப்புக் கேட்க நாளைத் தள்ளிக்கொண்டே போனேன். மாரடைப்பு முந்திக்கொண்டது.

அவர் விட்டுச்சென்ற வேலையை ரஞ்சிதாவும் அவருடைய மாணவர்களும் என் பட்டறையிலேயே தொடர்வார்கள். முகத்தையும் படிக்கும் கேமரா பொருத்தப்போகிறார்கள். இந்தச் சபையில் வாக்குக் கொடுக்கிறேன்: வேண்டாம் என்று சொல்லத் தெரியாத கையுறை இனி எந்தப் பெண்ணின் கையிலும் ஏறாது. அது தயாராகும்வரையிலும், தயாரான பிறகும், என் மகள் பேசும்போது நான் அவள் முகத்தைப் பார்ப்பேன்.