பன்னிரண்டு முடிச்சுக் கரை

விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் பெரியவர் தியாகேசன் அவர்களே! கழனியைக் கண்ணாகக் காக்கும் வேளாண் பெருமக்களே! பிள்ளைகளின் கணக்குக் கண்காட்சியைக் காணப் பாதி நடவில் கரையேறி வந்திருக்கும் தாய்மார்களே! என் வகுப்பு வாண்டுகளே! ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர் ரோஸ்லினின் பணிவான வணக்கம்.

கைதட்ட வேண்டாம். முதலில் ஒரு கணக்கைக் கேளுங்கள்.

கணக்கைக் கரும்பலகையில் காட்டாதே, கையில் கொடு என்பது என் கட்சி. ஆடி மாதம் பிள்ளைகளிடம் ஒரு கயிறு கொடுத்தேன். அடிக்கு ஒரு முடிச்சு. பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் கரையின் அகலத்தைத் திங்கட்கிழமைதோறும் ஒரே இடத்தில் அளக்கச் சொன்னேன். முதலில் பன்னிரண்டு முடிச்சு. பிறகு பதினொன்று. பிறகு பத்து. குறைந்து குறைந்து, போன திங்கட்கிழமை ஏழு!

"கயித்த ஒழுங்கா இழுத்துப் புடிக்கத் தெரியாதா? எல்லாத்தையும் அழிங்க!" என்று கத்தினேன். அளந்து எழுதிய ஷமா அழிக்கவில்லை. "நீங்களே வந்து அளந்து பாருங்க டீச்சர்" என்றாள். போனேன். ஏழுகூட இல்லை ஐயா, ஆறரை!

"அவ்வளவு மண்ணும் எங்க போச்சு டீச்சர்?" என்று கேட்டாள்.

எங்கே போனது? வெள்ளம் வந்ததா? வாய்க்கால் தின்றதா? இல்லை. வரப்பில் நண்டு வளை அடைக்கக் கரைக் களிமண்தான் நிற்கும் என்று, நாம்தான் கூடை கூடையாக வெட்டிக்கொண்டு போனோம்!

பின்னால் யாரு, சிங்காரவேலு அண்ணனா? என்ன சொல்றீங்க? "ஒரு கூடை மண்ணுல கரையே போயிடுமா டீச்சர்?" நல்ல கேள்விண்ணே! நானும் இதையே சொல்லிக்கொண்டுதான், அளப்பதற்கு முந்தின சனிக்கிழமை எங்கள் வரப்புக்கென்று இரண்டு கூடை எடுத்து வைத்தேன். ஊரில் தொண்ணூறு வீடு. வாரம் ஒரு கூடை. பன்னிரண்டு வாரம். பிள்ளைகள் பெருக்கிவிட்டார்கள்: ஆயிரத்து எண்பது கூடை! சிறுதுளி பெருவெள்ளம் என்று சுவரில் எழுதினோமே, சிறு கூடை பெரும் உடைப்பு என்று எழுதினோமா?

உள்ளே தகரத் தட்டில் அந்தக் கரையைச் செய்து வைத்திருக்கிறார்கள். அடிக்கு ஓர் அங்குலம். கரைக்கு இந்தப் பக்கம் தீப்பெட்டியில் நம் பள்ளி. "அழகா இருக்கு" என்று பாராட்டிவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நேற்று அதில் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஊற்றி, கரையைச் செதுக்கிச் செதுக்கிப் பார்த்தோம். எட்டங்குலத்தில் நின்றது. ஆறரையில் கசிந்தது. ஆறில் உடைந்தது. தீப்பெட்டி மிதந்தது. ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. பிரபு மட்டும் மெல்லக் கேட்டான்: "டீச்சர், இதுல நம்ம கிளாஸ் எந்தப் பக்கம்?"

பெற்றவர்களே, தட்டில் இருந்தது தீப்பெட்டி. வகுப்பில் இருப்பது முப்பத்தொரு பிள்ளைகள்! நீடாமங்கலம் பக்கம் வானம் கறுத்துக் கிடக்கிறது. வாய்க்காலில் இன்று இடுப்பளவு தண்ணீர். அது நிறைந்தால்? பயமாக இருக்கிறது. சொல்ல வெட்கமில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது!

மேடைக்குக் கீழே இரண்டு கூடை மண் இருக்கிறதே, அது நான் எடுத்தது. முதலில் அது கரைக்குத் திரும்பிப் போகும். தலைவர் அவர்களே, எனக்குப் பொன்னாடை வேண்டாம். அந்தக் கூடையைத் தூக்கி என் தலையில் வையுங்கள். எடுத்தவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு கூடை மண்ணோடு என் பின்னால் வாருங்கள். கயிறோடு ஷமா கரையில் நிற்கிறாள்.

நன்றியை இப்போது சொல்ல மாட்டேன். பன்னிரண்டாம் முடிச்சில் நின்று சொல்கிறேன். எழுந்திருங்கள், வணக்கம்!